குருதியும் விதியும்

மனித சமுதாயம் தன் துன்பங்களை இரு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒன்று, வந்தே தீரும் துன்பம். மற்றையது, வராமல் தடுத்திருக்கக்கூடிய துன்பம். முன்னதற்கு இயற்கை என்றும் ஊழ் என்றும் தலைவிதி என்றும் பெயரிட்டு ஆறுதல் கொள்கிறோம். பின்னதற்குப் பொறுப்பாளி யார் எனத் தேடுகிறோம். ஆயின், ஒரு துன்பம் இவ்விரண்டில் எவ்வகையைச் சேர்ந்தது என்று தீர்மானிப்பது யார்? ஒரு வகையில் இருந்த துன்பம் எப்போது மற்ற வகைக்கு மாறுகிறது? ஒழுக்கவியலின் மிகப் பழைய வினாக்களுள் இதுவும் ஒன்று. இதனைத் தத்துவ நூல்களின் துணைகொண்டு ஆராய்வதிலும் பார்க்க, நாளாந்த வாழ்வில் எதிர்ப்படும் ஒரு விடயத்தில் வைத்து ஆராய்வதே பயனுடையது என நாம் கருதுகிறோம்.

முதலில் எமது நாட்டின் அனுபவம் ஒன்றை நினைவுகூர்வோம். 1934–35 ஆம் ஆண்டுகளில் இலங்கையைப் பீடித்த மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்டதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அன்று அதனைத் தெய்வ கோபம் என்றும் தலையெழுத்து என்றும் கொண்டோர் பலர். 2016 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிக்கப்பட்ட நாடாக அறிவித்தது. இன்று எமது கிராமம் ஒன்றில் மலேரியா மீண்டும் தோன்றி ஒரு குழந்தை இறக்குமாயின், விதி என்று கூறி எவரும் அமைதியடையார். சுகாதாரத் திணைக்களம் என்ன செய்துகொண்டிருந்தது என்றே கேட்பர். நோய் அதே நோய்தான். நுளம்பும் அதே நுளம்புதான். இடையில் மாறியது மனிதனின் அறிவு. அறிவு மாறியதும், அதே மரணம் குறித்த எமது அறத் தீர்ப்பும் மாறிவிட்டது.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் விடயம் கொள்ளைநோய் போன்று ஆரவாரம் மிக்கதன்று. கருப்பையில் தோன்றும் கட்டிகளைச் சத்திரசிகிச்சையால் அகற்றும்போது பெண் இழக்கும் குருதியையும், அவ்விழப்பை மருந்துகளால் குறைக்க முடியும் என்ற செய்தியையும் பற்றியே பேசப் புகுகிறோம். இது மருத்துவர்களின் விடயமல்லவா, இலக்கிய ஏட்டில் இதற்கென்ன வேலை எனச் சிலர் வினவக்கூடும். எந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது என்பது மருத்துவர்களின் விடயமே. ஆனால் எந்த இழப்பைத் தவிர்க்க முடியாதது என்று ஒரு சமுதாயம் ஏற்றுக்கொள்கிறது என்பது எம் அனைவரின் விடயமாகும்.

பைப்ரோயிட் என மருத்துவமனைகளில் வழங்கும் இக்கட்டி, கருப்பையின் தசையிலிருந்து வளர்வது, புற்றுநோய் அன்று. பயறளவில் இருப்பதும் உண்டு. தேங்காயளவுக்குப் பருப்பதும் உண்டு. பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களிடையே இது மிகப் பரவலானது. பலருக்கு எவ்விதத் தொல்லையும் தராது கிடந்து, மாதவிடாய் நின்றபின் சுருங்கிப்போகும். ஏனையோருக்கோ மாதந்தோறும் மிகுந்த குருதிப்போக்கு, வயிற்று நோவு, குருதிச்சோகை, சிலவேளைகளில் மகப்பேறின்மை ஆகியவற்றைக் கொண்டுவரும்.

சத்திரசிகிச்சை தேவைப்படும் நிலையில் வழிகள் இரண்டு. கருப்பையை முழுவதுமாக அகற்றிவிடுதல் ஒன்று. கருப்பையைக் காப்பாற்றிக் கட்டியை மாத்திரம் பிரித்தெடுத்துத் தசையைத் தைத்துவிடுதல் மற்றொன்று. கருப்பையை இழக்க விரும்பாத பெண் நாடுவது இரண்டாவது வழியையே. அவ்வழியின் பெரிய இடர் குருதிப்போக்கு. கருப்பை இரத்தக் குழாய்கள் செறிந்த உறுப்பு. அதன் தசையை வெட்டிக் கட்டியைத் தோண்டி எடுக்கையில் குருதி பெருகும். அது கட்டுக்கடங்காது போகுமாயின், உயிரைக் காக்கும் பொருட்டு, எந்தக் கருப்பையைக் காப்பதற்காகச் சத்திரசிகிச்சை தொடங்கப்பட்டதோ அந்தக் கருப்பையையே அகற்ற நேர்வதும் உண்டு. ஆகவே இங்கு குருதியைக் காத்தலும் பெண்ணின் விருப்பத்தைக் காத்தலும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

இழக்கப்படும் குருதியின் அளவைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். 45 கிலோகிராம் நிறையுள்ள ஒரு பெண்ணின் உடலில் ஓடும் குருதி ஏறத்தாழ 3 லீற்றர். அதில் 250 மில்லி லீற்றர் என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. உடல்நலமுள்ளவருக்கு அது தாங்கக்கூடிய இழப்பே. ஆனால் இந்நோயாளியோ பல ஆண்டுகள் மாதந்தோறும் குருதியை இழந்து வந்தவர். கருவுறாத பெண்ணின் குருதியில் ஒரு டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறையாத ஈமோகுளோபின் இருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. எட்டு கிராமுடன் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் செல்பவர், கத்தி படுமுன்பே மூன்றிலொரு பங்கை இழந்தவராவார். அவருக்கு இந்தப் பன்னிரண்டில் ஒரு பங்கு சிறிய தொகையன்று.

இந்த முன்னைய இழப்பு எவருடைய கணக்கிலும் எழுதப்படுவதில்லை. கரும்பலகையின் முன் நின்று கற்பிக்கையில் மூச்சு வாங்கி மேசையைப் பற்றிக்கொள்ளும் ஆசிரியைகளை நாம் கண்டிருக்கிறோம். கேட்டால், ‘கொஞ்சம் பெலயீனம்’ என்பர். வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயம் நடவும் களை பிடுங்கவும் நாட்கூலிக்குச் செல்லும் பெண்ணிடம் கேட்டால் அந்த விடையும் கிடையாது; ஒருநாள் வைத்தியசாலைக்குப் போனால் ஒருநாட் கூலி போய்விடும் என்பதே அவள் அறிந்த கணக்கு. தாயிடம் கூறினால், ‘பெண்ணாய்ப் பிறந்தால் இதெல்லாம் இருக்கும்’ என்பாள். இவ்வாறு நோயொன்று இயற்கை என்னும் போர்வைக்குள் மறைக்கப்படுகிறது. ஆணின் மூக்கிலிருந்து குருதி வடிந்தால் வீடே பதறும். பெண்ணின் குருதி ஆண்டுக்கணக்கில் வடிந்தாலும் அது பேசத்தகாத பொருளாகவே இருக்கிறது.

சத்திரசிகிச்சையின்போது நேரும் குருதியிழப்பைக் குறைப்பதற்கு இன்று வழிகள் பல உள்ளன. அவற்றுள் மருந்துகளை மாத்திரம் இங்கு நோக்குவோம். வாசோபிரெசின் என்பது உடலிலேயே சுரக்கும் ஓர் ஓமோனின் வடிவம்; நீர்த்த கரைசலாகக் கருப்பைத் தசையில் ஏற்றும்போது இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. இரைப்பைப் புண்ணுக்கென உருவாக்கப்பட்ட மிசோபுரொஸ்டோல் கருப்பையைச் சுருங்கச் செய்து குருதியோட்டத்தைக் குறைக்கிறது. டிரானெக்சாமிக் அமிலம் தொழிற்படும் முறை வேறு. காயத்தின் வாயில் உறையும் குருதியைக் கரைப்பதற்கென உடலில் இயல்பாகவே ஓர் ஏற்பாடு உண்டு. இம்மருந்து அதனைத் தற்காலிகமாகத் தடுத்து, உறைந்த குருதி உறைந்தபடியே நிற்க உதவுகிறது. இவற்றுக்கெல்லாம் முன்னர், மாதக்கணக்கில் கொடுக்கப்படும் இரும்புச்சத்து மாத்திரை உண்டு. அது குருதியிழப்பைக் குறைப்பதில்லை. இழப்பைத் தாங்கும் வலிமையைத் தருகிறது. விலையோ மிகச் சொற்பம்.

இம்முறைகளைப் பற்றி உலகெங்கும் நடத்தப்பட்ட சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்தோர், கமரூன் நாட்டைச் சேர்ந்த கொங்னுயி, வைசோங்கே என்னும் இரு மருத்துவ ஆய்வாளர்கள். அவர்களது கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பின் 2014 ஆம் ஆண்டுப் பதிப்பு, 1,250 பெண்களை உள்ளடக்கிய 18 சோதனைகளை மதிப்பிட்டது. அதன்படி, வாசோபிரெசின் ஏறத்தாழ 246 மில்லி லீற்றரும், மிசோபுரொஸ்டோல் ஏறத்தாழ 98 மில்லி லீற்றரும் குருதியிழப்பைக் குறைத்தன. இவ்விரண்டுக்குமான சான்றுகள் நடுத்தர வலுவுடையவை. டிரானெக்சாமிக் அமிலம் ஏறத்தாழ 243 மில்லி லீற்றரைக் குறைத்தது. ஆனால் அதற்கான சான்று வலுக்குறைந்ததென அவர்கள் மதிப்பிட்டனர். காரணம், அத்தொகுப்பில் அம்மருந்துக்கென இடம்பெற்றது ஒரேயொரு சோதனை. அதில் பங்குகொண்ட பெண்கள் 100 பேர். ஒட்சிடோசின் பயன் தந்தது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

மருந்து என்றதும் அதனை அமுதமாக எண்ணிவிடலாகாது. வாசோபிரெசின் தவறுதலாக இரத்தக் குழாய்க்குள் சென்றுவிட்டால் இதயத்துக்கே ஆபத்து நேரலாம்; அக்காரணத்தால் சில நாடுகள் இப்பயன்பாட்டை அனுமதிப்பதில்லை. குருதிக்கட்டு நோய்க்கு ஆளானவர்களுக்கு டிரானெக்சாமிக் அமிலம் பொருத்தமற்றதாகலாம். எனவே எதை, எவருக்கு, எப்போது கொடுப்பது என்பதை மருத்துவரே முடிவுசெய்தல் வேண்டும். இவ்விடர்கள் கவனத்தோடு பயன்படுத்துவதற்கும் மேலும் ஆராய்வதற்கும் காரணங்கள் ஆகும். ஆராயாமலே விட்டுவிடுவதற்குக் காரணங்கள் ஆகா.

டிரானெக்சாமிக் அமிலத்தின் வரலாறு எமது வினாவுக்கு நேரடியாக ஒளி தருவது. அதனைக் கண்டறிந்தவர்கள் உட்டாகோ ஒகாமோட்டோ என்னும் யப்பானியப் பெண்மணியும் அவருடைய கணவர் ஷோசுகே ஒகாமோட்டோவும் ஆவர். இரண்டாம் உலகப்போரில் அழிந்துபோன யப்பானில், வசதிகளற்ற ஆய்வுகூடத்தில் அவர்கள் பணியைத் தொடங்கினர். குருதியை ஆராயப் புகுந்தமைக்கு அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று, ஆய்வுப் பொருளுக்குத் தட்டுப்பாடு வந்தால் தமது குருதியையே பயன்படுத்தலாம் என்பது. குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு அவ்வம்மையார் ஆய்வுகூடத்தில் உழைத்தார். கருத்தரங்கில் தம் முடிவுகளை எடுத்துரைக்க அவர் எழுந்தபோது, நடனமாடப் போகிறீரா என்று கேட்டு ஆண்கள் ஏளனம் செய்தனர். 1962 ஆம் ஆண்டில் இருவரும் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டனர். பிரசவத்தின்பின் குருதிப்போக்கால் தாய்மார் இறப்பதைத் தடுப்பதே அவருடைய பெருநோக்காக இருந்தது. ஆனால் அதற்கெனச் சோதனை நடத்துமாறு தம்மூர் மகப்பேற்று மருத்துவர்களை இணங்கச் செய்ய அவரால் முடியவில்லை.

பிறகு நிகழ்ந்தது என்ன? மருந்து பல் மருத்துவத்திலும் மிகுந்த மாதவிடாய்க்கும் சில சத்திரசிகிச்சைகளிலும் பயன்பட்டது. விபத்தில் காயமுற்றோரிடம் அதனைப் பரீட்சித்த பெருஞ்சோதனை, 40 நாடுகளில் 20,000க்கு மேற்பட்டோரை உள்ளடக்கி, 2010 ஆம் ஆண்டில்தான் முடிவுகளை வெளியிட்டது. பிரசவக் குருதிப்போக்குக்கான சோதனை, 21 நாடுகளில் 20,060 பெண்களை உள்ளடக்கி, 2017 ஆம் ஆண்டில் வெளிவந்தது. மூன்று மணித்தியாலத்துக்குள் இம்மருந்து கொடுக்கப்பட்ட தாய்மாரிடையே, குருதிப்போக்கினால் நேரும் இறப்பு ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தது. ஒகாமோட்டோ அம்மையார் அதற்கு முந்திய ஆண்டில், தமது 98 ஆவது வயதில் காலமாகிவிட்டார்.

1962க்கும் 2017க்கும் இடையே 55 ஆண்டுகள். இந்த 55 ஆண்டுகளில் குருதி வடிந்து மாண்ட தாய்மாரை எந்த வகையில் சேர்ப்பது? அவர்கள் விதியால் மாண்டனர் என்று கூற முடியுமா? மருந்து இருந்தது, அது பயன்படுமா என்று அறியும் ஆய்வு முறையும் இருந்தது. இல்லாதிருந்தது அறியவேண்டும் என்ற அவசரம். காப்புரிமை காலாவதியான மலிவான மருந்தொன்று மேலும் பயன்படும் என்று நிரூபிப்பதால் எந்தக் கம்பனிக்கும் பெரும் இலாபம் கிடைக்கப்போவதில்லை. குருதி வடிந்து மாண்டோரிலும் மிகப் பெரும்பாலோர் ஆசிய ஆபிரிக்க நாடுகளின் ஏழைப் பெண்கள். இலாபத்தை அளவுகோலாகக் கொண்ட ஆய்வுலகில் அவர்களது மரணம் காத்திருக்கக்கூடிய மரணமாயிற்று. கருப்பைக் கட்டியோ உயிரை உடனடியாகப் பறிப்பதன்று. ஆகவே அது இன்னும் பின்வரிசையில் நிற்கிறது. நூறு பெண்களைக் கொண்ட அந்த ஒற்றைச் சோதனை உணர்த்துவது இதனையே.

இப்போது எமது முதல் வினாவுக்கு மீள்வோம். ஓர் இழப்பு விதியின் பாற்பட்டதா, மனிதச் செயலின் பாற்பட்டதா என்பதை மூன்று படிகளில் வைத்து நோக்கலாம். முதற்படி, தடுக்கும் வழி எவருக்கும் தெரியாத நிலை. அங்கு துன்பம் உண்டு, குற்றம் இல்லை. இரண்டாம் படி, வழி தெரிந்தும் அது தேவைப்படுவோரின் கைக்கு எட்டாத நிலை. அங்கு குற்றம் தனிமனிதர் எவரையும் சார்ந்ததன்று. மருந்தின் விலையையும் வழங்கலையும் ஆய்வின் திசையையும் தீர்மானிக்கும் சமுதாய அமைப்பைச் சார்ந்தது. மூன்றாம் படி, வழியும் தெரிந்து, மருந்தும் அலுமாரியில் இருந்து, பழக்கத்தினாலோ கேட்பாரின்மையாலோ பயன்படாத நிலை. அங்கு பொறுப்பு நிறுவனத்துக்கும், அதில் பணிபுரிவோருக்கும், கேட்கத் தவறிய எமக்கும் உரியது.

சுதந்திரம் என்பது இயற்கையின் நியதிகளிலிருந்து தப்பியோடுவதில் இல்லை, அந்நியதிகளை அறிந்து அவற்றைத் திட்டமிட்டுப் பயன்படுத்துவதிலேயே இருக்கிறது என்ற கருத்தை எங்கெல்ஸ் வலியுறுத்தினார். அக்கருத்தின் மறுபக்கம் ஒன்றுண்டு. நியதியை அறியுந்தோறும் மனிதனின் சுதந்திரம் விரிவது போலவே அவனது பொறுப்பும் விரிகிறது. அறிவின் ஒவ்வொரு முன்னேற்றமும் விதியின் நிலத்தில் ஒரு பரப்பைப் பறித்து அறத்தின் நிலத்தோடு சேர்க்கிறது. அப்பரப்பில் முன்போல ‘என்ன செய்வது’ என்று கையை விரிக்கும் உரிமை பின்னர் எவருக்கும் இல்லை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். பிள்ளைகளைப் பெற்றுவிட்ட பெண்ணுக்குக் கருப்பை எதற்கு, அகற்றிவிட்டால் தொல்லை தீருமே என்பர் சிலர். கருப்பையை அகற்றுவதே சிறந்தது என்ற நிலையும், பெண்ணே அதனை விரும்பும் நிலையும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவளைக் கேளாமலே ‘எதற்கு’ என்று பிறர் வினவுவதுதான் கேள்விக்குரியது. பிரித்தானியச் சத்திரசிகிச்சையாளர் விக்டர் பொனி, கட்டியை மாத்திரம் அகற்றும் முறையை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வளர்த்தெடுத்தவர்களுள் முதன்மையானவர்; குருதியைக் கட்டுப்படுத்துவதற்கென அவர் அமைத்த கவ்வி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அவருடைய மனைவி இளவயதிலேயே இக்கட்டிகளின் காரணமாகக் கருப்பையை இழந்தவர். உறுப்பை நீக்குவதிலும் அதனைக் காத்துக் குணப்படுத்துவதே சத்திரசிகிச்சையின் உயர்ந்த இலக்கு என்று பொனி வாழ்நாள் முழுதும் வாதிட்டார். பிறருக்கு அது ஓர் உறுப்பு. அவர் வீட்டில் அது ஒரு வாழ்க்கை.

மறுபுறத்தில், கருப்பையைக் காத்தலைத் தாய்மையின் பெயரால் கட்டாயமாக்குவதும் தவறே. பிள்ளை பெறாதவளை மலடி என்று ஒதுக்கி, மங்கல காரியங்களில் முன்னே வரவிடாத சமுதாயம் எமது யாழ்ப்பாணச் சமுதாயம். அந்த அச்சத்தினால் மாத்திரம் ஒரு பெண் ஆபத்தான சத்திரசிகிச்சைக்கு உடன்படுவாளாயின், அதனை அவளது விருப்பம் என்று எவ்வாறு கூறுவது? கருப்பை சமுதாயத்தின் சொத்துமன்று, வேண்டாத பொருளுமன்று. அது அவளுடையது. வைத்திருப்பதும் நீக்குவதும் அவள் தெரிவு.

ஆயினும் தெரிவு என்பது வெறும் சொல்லளவில் நிலைப்பதில்லை. அதற்கொரு பொருளாதார அடித்தளம் வேண்டும். இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்தில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்களின் நிலையைப் பாருங்கள். 2019 ஆம் ஆண்டில் அங்கு அரசு நியமித்த குழு 82,000க்கு மேற்பட்ட பெண்களைக் கணக்கெடுத்தபோது, அவர்களுள் 13,000க்கு மேற்பட்டோர் கருப்பையை அகற்றிக்கொண்டவர்கள் எனத் தெரியவந்தது. மாதவிடாய் நாளில் வேலைக்கு வராவிட்டால் ஒப்பந்தக்காரனுக்குத் தண்டம் கட்டவேண்டும். சிகிச்சைக்கு நாட்களும் இல்லை, பணமும் இல்லை. தனியார் மருத்துவமனையோ கத்தியைத் தீட்டிக் காத்திருக்கிறது. இந்நிலையில் அப்பெண்கள் கைச்சாத்திட்டார்கள் என்பதால் அது தெரிவாகிவிடுமா? உறுப்பைக் காக்கும் சிகிச்சை, அதற்குரிய மருந்து, தேவையான குருதி, ஓய்வெடுக்கக் கூலியோடு கூடிய நாட்கள் ஆகிய இவ்வளவும் உள்ள இடத்தில்தான் ‘நீ எதை விரும்புகிறாய்’ என்ற கேள்விக்குப் பொருள் உண்டு.

எமது நாட்டில் மருத்துவம் இலவசம். அது போராடிப் பெற்ற பேறு என்பதை மறத்தலாகாது. மலேரியாக் காலத்தில் கிராமங்களில் தொண்டாற்றிய இடதுசாரி மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்க அவர்களும், மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே அவர்களும் இணைந்து 1971 ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையின் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. மருந்துகளைக் கம்பனிகளின் வணிகப் பெயரால் அன்றி அவற்றின் பொதுப் பெயரால் வாங்குதல், உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரி மலிவாகப் பெறுதல், தேவையானவற்றை மாத்திரம் பட்டியலிடுதல் என்பனவே பிபிலேயின் கொள்கை. பன்னாட்டுக் கம்பனிகள் அதனைக் கடுமையாக எதிர்த்தன. 1977 ஆம் ஆண்டில் பிபிலே கயானாவில் காலமானார். அவ்வாண்டின் ஆட்சி மாற்றத்துக்குப் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. அக்கொள்கையின் பெரும்பகுதி கைவிடப்பட்டது. எமது மூன்று படிகளில் இரண்டாம் படியிலிருந்து ஒரு தேசத்தையே மேலேற்ற முயன்றவர் பிபிலே என்று நாம் கூறுவோம்.

கைவிடப்பட்டதன் விலையை நாடு 2022 ஆம் ஆண்டில் உணர்ந்தது. வெளிநாட்டுச் செலாவணி வற்றியதும் மருந்துகள் வற்றின. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் பேராதனைப் போதனா வைத்தியசாலை, அவசரமற்ற சத்திரசிகிச்சைகளை நிறுத்தவேண்டிய நிலைக்கு ஆளானது. அவசரமற்றது என்ற சொல்லைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். கருப்பைக் கட்டியை அகற்றுதல் அப்பட்டியலில் அடங்குவதே. தள்ளிவைக்கப்படும் ஒவ்வொரு மாதமும் அப்பெண் மேலும் குருதியை இழக்கிறாள். இறுதியில் சத்திரசிகிச்சை நடைபெறும் நாளில் முன்னிலும் பலவீனமான உடலோடு, முன்னிலும் பருத்த கட்டியோடு கூடத்துள் நுழைகிறாள். பட்டியலில் அவசரமற்றது எனப்படுவது உடலில் அவ்வாறு இருப்பதில்லை.

யாழ்ப்பாணத்தவராகிய எமக்கு இது முதல் அனுபவமன்று. 1990 ஆம் ஆண்டு முதல் பல ஆண்டுகள் குடாநாடு மின்விநியோகமின்றி இருளில் கிடந்தது. மருந்துகள் உட்படப் பல பொருள்கள் தடைகளையும் அனுமதிகளையும் கடந்தே வந்துசேர வேண்டியிருந்தன. குருதியைச் சேமிப்பதற்குக் குளிர் வேண்டும். குளிருக்கு மின்சாரம் வேண்டும். அத்தகைய நிலத்தில், வடியாது காக்கப்படும் ஒவ்வொரு துளியும் இரு மடங்கு பெறுமதியுடையது. செல்வம் மிக்க நாட்டில் இம்மருந்துகள் ஒரு வசதி. குருதி வங்கிக்குப் பாதை மூடக்கூடிய நாட்டில் அவை ஒரு பாதுகாப்பு. பின்தங்கிய நாடுகளுக்கு இவையெல்லாம் ஆடம்பரம் என்போர் உண்மையைத் தலைகீழாக நிறுத்துகின்றனர்.

குருதி வங்கி பற்றியும் ஒரு சொல். குருதியை விலைக்கு விற்கும் முறையிலும் பார்க்க, அறியாதவருக்கு இலவசமாகக் கொடுக்கும் முறையே பாதுகாப்பானது, ஒழுக்கத்தாலும் உயர்ந்தது என 1970 ஆம் ஆண்டில் பிரித்தானிய அறிஞர் ரிச்சர்ட் டிற்மஸ் விரிவாக எடுத்துக்காட்டினார். இலங்கையின் குருதிச் சேவை 2014 ஆம் ஆண்டளவில் முற்றிலும் ஊதியம் பெறாத தன்னார்வக் கொடையாளரைக் கொண்டதாயிற்று. எமது பாடசாலை மண்டபங்களில் பழைய மாணவர் சங்கங்கள் நடத்தும் குருதிக்கொடை முகாம்களை யாவரும் அறிவோம். இறந்துபோன நண்பனின் நினைவாக வரிசையில் நிற்கும் இளைஞன், தன் குருதி எவர் உடலில் சேரும் என்று கேட்பதில்லை, சாதியும் கேட்பதில்லை. ஒரு முறையில் அவன் தருவது சுமார் 450 மில்லி லீற்றர். மேற்கூறிய மருந்துகளுள் ஒன்று மிச்சப்படுத்தக்கூடியது அதன் பாதிக்கு மேல். தடுக்கக்கூடிய குருதியிழப்பு, நோயாளியை மாத்திரமன்றி, கொடுத்தவனையும் அவமதிப்பதாகும்.

இன்னொரு மறுப்பும் உண்டு. அது எம்மைச் சேர்ந்தவர்களிடமிருந்தே வருவது. சமுதாய அமைப்பே மாறவேண்டியிருக்க, ஒரு சத்திரசிகிச்சையில் கால் லீற்றர் குருதியை மிச்சப்படுத்துவது பற்றிப் பேசுவது சிறு சீர்திருத்தம் அல்லவா என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. பெருந்துன்பங்கள் வானிலிருந்து ஒருங்கே விழுவதில்லை. கேள்வி கேட்கப்படாத சிறு துன்பங்களே திரண்டு பெருந்துன்பமாகின்றன. அன்றியும், ஒரு பெண் தன் குருதியிழப்பை விதி என்று ஏற்கப் பழகுவாளாயின், குறைந்த கூலியையும் அவ்வாறே ஏற்பாள். விதியென்னும் எண்ணம் எங்கேனும் ஓரிடத்தில் உடைக்கப்பட வேண்டும். உடலைப் பற்றிய அறிவு அதற்கு உகந்த இடம்.

அந்த அறிவு அவள் மொழியில் கிடைக்கிறதா? 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் முதலிய நூல்கள் அவர் முயற்சியால் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் வெளிவந்தன. சத்திரசிகிச்சையைத் தமிழில் விளக்க முடியும் என்பது ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே இம்மண்ணில் நிரூபிக்கப்பட்டுவிட்டது. அவ்வாறிருக்க, இன்று ஒரு பெண் சம்மதப் பத்திரத்தில் கைச்சாத்திடும்போது, எந்தெந்த வழிகள் உள்ளன, எவ்வளவு குருதி போகலாம், அதைக் குறைக்க என்ன செய்யப்படும், கருப்பையை அகற்ற நேரிடுமா என்ற நான்கு கேள்விகளுக்கும் விளங்கும் தமிழில் விடை பெறுதல் அவளது உரிமை அல்லவா? நெரிசல் மிக்க விடுதிகளில் ஓய்வின்றி உழைக்கும் மருத்துவரையும் தாதியரையும் குறைகூறுவது எமது நோக்கமன்று. கேள்வி கேட்கும் நோயாளி அவர்களுக்கு இடையூறல்லர் என்பதை உணர்த்துவதே நோக்கம்.

ஆசிரியர்களாகிய எமக்குரிய பங்கு இங்கேதான் தொடங்குகிறது. விஞ்ஞானப் பாடநூலில் இனப்பெருக்கத் தொகுதி பற்றிய அலகு வந்ததும், ‘வீட்டில் வாசியுங்கள்’ என்று கூறி அடுத்த அலகுக்குத் தாவும் வழக்கம் எமது வகுப்பறைகளில் இன்னும் உண்டு. அந்த மௌனத்தில் அமர்ந்திருக்கும் முப்பது மாணவியருள் சிலர், இருபது ஆண்டுகளின் பின் தம் உடலிலிருந்து குருதி வடிவதைப் பெலயீனம் என்று பெயரிட்டு மறைப்பர். மிகுந்த மாதவிடாய் நோயாகலாம். அதற்குப் பரிசோதனை உண்டு, சிகிச்சை உண்டு. குருதிச்சோகை பெண்ணின் இயல்பன்று என்ற இவ்வளவையும் ஒரு பாடவேளையில் கூறிவிடலாம். ஆண் மாணவரும் அவ்வகுப்பில் இருந்து கேட்டல் வேண்டும். நாளை மருத்துவர்களாகவும் மருந்துக் கொள்வனவு அதிகாரிகளாகவும் கணவர்களாகவும் ஆகப்போகிறவர்கள் அவர்கள்.

தடுக்கும் வழி தெரியாத காலத்தில் சிந்திய குருதிக்கு எமது முன்னோர் விதியைச் சாட்சிக்கு அழைத்தனர். அவர்களை நாம் குறைகூற மாட்டோம். வழி தெரிந்த காலத்தில் வாழ்பவர்கள் நாம். இனிச் சிந்தும் குருதிக்கு விதி சாட்சி சொல்ல வராது. யார் வாங்கவில்லை, யார் கொடுக்கவில்லை, யார் சொல்லவில்லை, யார் கேட்கவில்லை என்று பெயர் குறித்தே கணக்குக் கேட்கப்படும்.